மகள் கையில் ஏடிஎம் கார்டா, ப்ரீபெய்டு கார்டா?

கேள்வி: கடலூர் முதுநகரில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். மகளுக்கு 18 வயது, பாண்டிச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். செலவுக்கு என் ஏடிஎம் கார்டையே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வியாபாரப் பணம் மொத்தமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது, ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ப்ரீபெய்டு கார்டு வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அது என்ன, நம்பலாமா? மாதம் 6,000 ரூபாய் இருந்தால் அவளுக்குப் போதும்.

பதில்: அம்மா, முதலில் அந்த ஏடிஎம் கார்டைத் திரும்ப வாங்கி, பின் நம்பரையும் மாற்றிவிடுங்கள். பெற்ற மகளாகவே இருந்தாலும், பின் நம்பரை இன்னொருவருக்குச் சொன்னால் வங்கி அதை உங்கள் கவனக்குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் பணம் போனால், நீங்கள் வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனது முழுவதும் உங்கள் நஷ்டம்தான்.

ப்ரீபெய்டு கார்டு செல்போன் ரீசார்ஜ் மாதிரி. முன்கூட்டியே பணம் ஏற்ற வேண்டும், ஏற்றிய அளவுக்குத்தான் செலவு செய்ய முடியும், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட நகராது. கடன் இல்லை, வட்டி இல்லை, அபராதமும் வராது. கார்டு தொலைந்தாலும் யாராவது ஏமாற்றினாலும் போகக்கூடியது அதிலிருக்கும் பணம் மட்டும்தான், உங்கள் வியாபாரப் பணத்தை அது தொடாது. உங்களுக்கு நான் இதைச் சொல்வதற்கே இதுதான் காரணம், மற்றதெல்லாம் அப்புறம்.

ஆனால் எந்தக் கார்டு என்பதில் கவனமாக இருங்கள். செல்போன் எண்ணும் ஒரு அடையாள எண்ணும் மட்டும் கொடுத்து வாங்குகிற சிறிய வகையில் 10,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது, பொருள் வாங்கலாமே தவிர காசாக எடுக்கவோ வேறொருவருக்கு அனுப்பவோ முடியாது. முழு கேஒய்சி, அதாவது ஆவணம் காட்டி அடையாளத்தை உறுதிசெய்யும் வேலை, முடித்த கார்டில் 2 லட்சம் வரை இருக்கலாம், பணமும் அனுப்பலாம். வங்கி அல்லாத நிறுவனத்தின் கார்டு என்றால் ஒரு தடவைக்கு 2,000, மாதத்துக்கு 10,000 வரை காசாக எடுக்கலாம். உங்கள் மகளுக்கு முழு கேஒய்சி கார்டுதான் சரி. பரிசு கார்டு என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள், அதில் மறுபடி பணம் ஏற்ற முடியாது.

கார்டை அவள் பெயரிலேயே, அவள் செல்போன் எண்ணிலேயே எடுங்கள். உங்கள் எண்ணைக் கொடுத்தால் அவள் ஆன்லைனில் புத்தகம் வாங்கும்போதெல்லாம் ஓடிபி உங்களுக்கு வரும், அதை நீங்கள் போனில் படித்துச் சொல்வீர்கள். இந்தப் பழக்கத்தைத்தான் திருடன் எதிர்பார்த்துக் காத்திருக்கிறான், ஒருநாள் அவனுக்கும் சொல்லிவிடுவோம்.

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துணி எடுக்கப் போகிற பெண்ணுக்கு, எல்லாரிடமும் கார்டு மெஷின் இருக்குமா என்ற கவலை வரும். முழு கேஒய்சி கார்டோடு யுபிஐ வசதியும் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள், இருந்தால் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்தே கொடுத்துவிடலாம்.

ஆனால் இதைச் சேமிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்றி வைக்கிற பணத்துக்கு வட்டி கிடையாது. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடு, வங்கி அல்லாத நிறுவனத்தில் இருக்கும் பணத்துக்குக் கிடையாது. அந்த நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தை ஒரு வங்கியில் எஸ்க்ரோ கணக்கில், அதாவது அந்தப் பணத்துக்கென்றே ஒதுக்கிய தனிக் கணக்கில், வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. அதனால் ஒரு மாதச் செலவுக்கு மேல் ஏற்ற வேண்டாம், கல்லூரிக் கட்டணத்தை உங்கள் கணக்கிலிருந்தே நேராகக் கட்டுங்கள். கார்டு கட்டணம், வருடக் கட்டணம், பணம் ஏற்றவும் எடுக்கவும் பிடிக்கும் தொகை எல்லாவற்றையும் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். மாதம் 6,000 ஏற்றுகிறவருக்கு அதில் 100 ரூபாய் போனாலும் வலிக்கும்.

கார்டு தொலைந்தால் மகள் உடனே ஆப்பில் பிளாக் செய்ய வேண்டும், இதை இப்போதே அவளிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். நம் தவறு இல்லாமல் வேறு யாரோ பணத்தை எடுத்திருந்தால், மெசேஜ் வந்த 3 நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 நாள் ஆகிவிட்டால் போன தொகை அல்லது 10,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை நாம் ஏற்க வேண்டும். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் நிறுவனம் பதில் தரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது, உங்கள் போனிலும் மகள் போனிலும் பதிந்து வையுங்கள்.