வாசகர் கேள்வி – பதில்: ஹெலிகாப்டரில் ஏறிய ஆடு

கேள்வி: எங்கள் பெரியப்பா விமானப்படையில் ஹெலிகாப்டர் விமானியாக இருந்து ஓய்வுபெற்றுச் சூலூரில் குடியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நண்பர்கள் வீட்டு ஆசாரத்தில் கூடி, ஐ.நா. பணிக்காகக் காங்கோவில் இருந்த நாள்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள். மலைக்கிராமத்தார் நன்றிக்கடனாக ஓர் ஆட்டுக்குட்டியை ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டதையும், பட்டியலில் இல்லாத எதையும் ஏற்றக் கூடாது என்பதால் கிளம்ப முடியாமல் நின்றதையும் அடிக்கடி சொல்கிறார்கள். முன்பு குட்டியாக இருந்த ஆடு, சொல்லச் சொல்ல இப்போது கிடாவாகிவிட்டது. போர் நடந்த நாட்டில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் இப்படிச் சிரிக்கலாமா? இதை எவ்வளவு நம்புவது?
– வாசகி, பல்லடம்

பதில்: தாராளமாகச் சிரிக்கலாம். அந்தச் சிரிப்புக்குள் தொழில் இருக்கிறது. நம் விமானப்படை ஹெலிகாப்டர்கள் 2003 முதல் ஐ.நா. பணியில் இருந்த காங்கோவின் கோமா நகரம், ஏறக்குறைய நம் ஏற்காட்டின் உயரத்தில் உள்ளது. உயரமும் வெப்பமும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் சுழலும் இறக்கைகள் தூக்கும் எடையும் குறையும். அங்கே ஒவ்வொரு கிலோவையும் கணக்குப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். கோமா விமான நிலைய ஓடுபாதையின் ஒரு பகுதி, 2002-இல் நியிராகோங்கோ எரிமலை கக்கிய குழம்பின் அடியில் போய்விட்டது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஆட்டை இறக்கச் சொல்லி ஒருவர் பிடிவாதம் பிடித்தார் என்றால், கிராமத்தாரிடம் மரியாதை இல்லாமல் அல்ல, எடைக் கணக்குத் தெரிந்ததால்தான் பிடித்திருப்பார். கதையைக் கேட்ட இளம் விமானி அந்த விதியை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

பெரிய அதிகாரி ஒருவர் தாம் தடுமாறிய கதையைத் தாமே சிரித்துக்கொண்டு சொல்லும்போதுதான், அவருக்குக் கீழே இருப்பவருக்குத் தம் தவற்றை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் வருகிறது. 1962-இல் மிக்-21 விமானத்தில் பயிற்சி பெறச் சோவியத் நாட்டுக்குச் சென்ற நம் விமானிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தை அடியிலும், வேகத்தை மணிக்கு இத்தனை கடல்மைல் என்னும் ‘நாட்’ (knot) அளவிலும் பார்த்துப் பழகிய அவர்களுக்கு, அங்கிருந்த கருவிகள் உயரத்தை மீட்டரிலும் வேகத்தைக் கிலோமீட்டரிலும் காட்டின. எழுத்துகளோ ரஷ்ய எழுத்துகள். பறந்துகொண்டே மனத்துக்குள் பெருக்கி வகுப்பது, தரையிறங்கிய பின் பேசும்போது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அளவை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு, ராணுவ விமானம் இல்லையென்றாலும், 1983 ஜூலையில் கனடாவில் நடந்தது சாட்சி. கிலோகிராமுக்குப் பதில் பவுண்டில் கணக்கிட்டு எரிபொருள் நிரப்பப்பட்ட ஒரு போயிங் 767, நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இயந்திரங்கள் நின்ற நிலையில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுபாதையில் இறங்கியது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

எவ்வளவு நம்புவது என்றால், அடிப்படையை நம்புங்கள். ஆட்டின் எடையைப் பொருட்படுத்த வேண்டாம். எந்தத் தேதியில், எந்த விமானத்தில், எத்தனை மணி நேரம் பறந்தார் என்பது ஒவ்வொரு விமானியின் பறப்புப் பதிவேட்டிலும் இருக்கும். பெரியப்பாவிடம் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கதையை வளர்ப்பவர் சொல்பவர் மட்டுமல்லர், கேட்பவரும்தான். போர் விமானியான ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் சல்யூட்-7 விண்வெளி நிலையத்தில் தங்கித் திரும்பினார். மேலே கடவுளைப் பார்த்தீர்களா என்று மக்கள் தம்மைக் கேட்பதையும், நிலவுக்குப் போய்வந்த மாமா என்று தாய்மார்கள் பிள்ளைகளுக்குத் தம்மை அறிமுகப்படுத்துவதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: என் தாத்தாவும் முன்னாள் விமானப்படை விமானிதான். அவர் சொல்லும் வெளிநாட்டு அனுபவங்களைக் கைபேசியில் பதிவு செய்யலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கட்டாயம் செய்யுங்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் ஓய்வுபெற்றவரையும் கட்டுப்படுத்தும் என்பதால், ஆயுதங்களின் திறன், தகவல்தொடர்பு முறை போன்றவற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். எதை விட வேண்டும் என்று அவருக்கே தெரியும். சாப்பாடு, மொழி தெரியாமல் பட்ட பாடு, குளிர், கூட இருந்தவர்களின் குறும்பு ஆகியவற்றைக் கேளுங்கள். தனியாக உட்காரவைத்துக் கேட்பதைவிட, உடன் பணியாற்றிய ஒருவரையும் வரவழைத்துப் பேசவிடுவது நல்லது; ஒருவர் கூட்டிச் சொன்னால் மற்றவர், “அப்படி இல்லீங்க” என்று அங்கேயே திருத்திவிடுவார். இறந்துபோன தோழரைப் பற்றிய கதையென்றால், வெளியே பகிரும் முன் அவருடைய குடும்பத்தாரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். 1961-இல் ஐ.நா.வுக்காகக் கான்பெரா ரகக் குண்டுவீச்சு விமானங்களைக் காங்கோவுக்கு ஓட்டிச் சென்ற தலைமுறையினர் இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். உங்கள் தாத்தா எந்தத் தலைமுறையானாலும், அடுத்த விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.