கேள்வி பதில்: இணையத்தளம் செய்ய யாரிடம் கொடுப்பது?

புதிதாகத் தொழில் தொடங்கியவர்களிடமிருந்து இணையத்தளம் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம்.

கேள்வி: நானும் இரண்டு நண்பிகளும் சேர்ந்து பனங்கட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள் பொதி செய்து விற்கத் தொடங்கியிருக்கிறோம். இணையத்தளத்துக்கு மூன்று இடங்களில் விலை கேட்டோம். ஒருவர் 45,000 ரூபா, ஒருவர் 120,000, கொழும்பு நிறுவனம் ஒன்று 350,000 என்கிறது. எதை நம்புவது?
— வாசகி, சுன்னாகம்

பதில்: மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்பதே முதலில் தெரியவில்லை. ஒருவர் ஆயத்த தீம் (தளத்தின் தோற்ற வார்ப்பு) ஒன்றை, தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் போட்டு லோகோவை மாற்றித் தருவதற்குச் சொல்லியிருப்பார். இன்னொருவர் படம் எடுப்பதையும் பொருள் விபரம் எழுதுவதையும் சேர்த்திருப்பார். எத்தனை பக்கம், எத்தனை பொருள், எந்தெந்த மொழி, காசு எப்படி வாங்கப் போகிறீர்கள், பிறகு விலையை மாற்றுவது யார் என்று ஒரு தாளில் எழுதி, அதே தாளை மூவருக்கும் கொடுங்கள். அதற்கு வரும் விலைகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆயத்த தீம் என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம். இருபது முப்பது பொருள் விற்கும் கடைக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அந்தத் தீமும் அதனோடு வரும் பிளக்இன்களும் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) காசு கொடுத்து வாங்கியவையா, உரிமம் யாருடைய பெயரில், ஆண்டுப் புதுப்பிப்புக் காசை யார் கட்டுவது என்று கேளுங்கள். பூட்டு உடைத்த திருட்டுப் பிரதிகளில் மறைவான நிரல் ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்ச நாளில் உங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பப்படுவார்கள், கூகிள் எச்சரிக்கை போடும். அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவில் உரிமமே வாங்கியிருக்கலாம்.

அவர்கள் முன்பு செய்த மூன்று தளங்களின் முகவரியை வாங்குங்கள். அவர்களுடைய மடிக்கணினியில் பார்க்காமல், உங்கள் போனில் வைஃபையை நிறுத்திவிட்டு, டேட்டாவில் திறந்து பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் பஸ்ஸில் இருந்து அப்படித்தான் பார்ப்பார். தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்புப் போகிறதா? தொடர்புப் படிவத்தை அனுப்பினால் யாராவது பதில் போடுகிறார்களா? தளத்தின் வேகத்தை அளக்கும் கூகிளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து, போனுக்கான பகுதியைப் பாருங்கள். முகப்பின் பெரிய படமோ எழுத்தோ 2.5 செக்கனுக்குள் தெரிந்தால் நல்லது. 4 செக்கனைத் தாண்டினால் பெரும்பாலும் குற்றம் படங்களில்தான் இருக்கும்: போனில் எடுத்த 4, 5 மெகாபைட் படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் 200 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இதைக்கூடச் செய்யாதவர் மற்ற வேலைகளில் கவனமாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பிறகு அந்தத் தளங்களின் சொந்தக்காரர் ஒருவரை அழைத்து, "ஒரு பொருளின் விலையை மாற்ற வேண்டுமென்றால் நீங்களே மாற்றுவீர்களா, அவர்களைக் கூப்பிட வேண்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் பார்வையில், எந்த விருதையும் விட இந்தப் பதில் பெறுமதியானது.

காசை ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். முற்பணம் 30 வீதம், வடிவமைப்பை ஏற்றதும் 30, சோதனைத் தளம் முழுதாக ஓடியதும் 30, திறந்து ஒரு மாதம் கழித்துக் கடைசி 10 என்று பிரிக்கலாம். திருத்தம் எத்தனை தடவை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று நியாயமானது. உங்கள் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. படமும் பொருள் விபரமும் நேரத்துக்குப் போகாததால்தான் அநேக தளங்கள் மாதக்கணக்கில் இழுபடுகின்றன.

கேள்வி: எங்கள் தளத்தின் முகவரிப் பெயரை, அதாவது டொமைனை, தளம் செய்தவரே பதிவு செய்து தந்தார். இப்போது போன் எடுக்கிறார் இல்லை. அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். என்ன செய்வது?
— வாசகர், கொக்குவில்

பதில்: இன்றைக்கே செய்ய வேண்டியது, ஹோஸ்டிங்கின் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்) நிர்வாகப் பக்கமான சீபனலுக்குள் உங்களால் நுழைய முடியுமானால் கோப்புகள், தரவுத்தளம் இரண்டையும் பிரதி எடுத்துக் கணினியில் வைத்துக்கொள்வது. அடுத்து, டொமைன் பதிவு விபரம் காட்டும் ஹூஇஸ் தேடலில் உங்கள் முகவரியைப் போடுங்கள். எந்தப் பதிவாளரிடம் (டொமைன் விற்கும் நிறுவனம்) இருக்கிறது, எந்தத் திகதியில் முடிகிறது என்பது தெரியும். வியாபாரப் பதிவுச் சான்றிதழ், அவருக்குக் காசு கட்டிய பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றோடு பதிவாளருக்கு எழுதுங்கள். டொட் எல்கே முகவரி என்றால் எல்கே டொமைன் பதிவகத்திடமே கேட்க வேண்டும்.

டொட் கொம் காலாவதியானால் அன்றைக்கே பறிபோய்விடாது. பதிவாளரைப் பொறுத்துச் சில நாள் முதல் 45 நாள் வரை அவகாசம் இருக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக்காலம், அதில் மேலதிகக் கட்டணம் கேட்பார்கள். பிறகு 5 நாளில் அழிக்கப்படும், அதன்பின் யாரும் வாங்கலாம். ஆகவே பதற்றப்பட்டுப் புதுப் பெயர் வாங்க வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். தளம் செய்தவர் கிடைத்தால் டொமைனின் இடமாற்றப் பூட்டைத் திறந்து, இடமாற்றத்துக்கான குறியீட்டைத் தரச் சொல்லி, உங்கள் கணக்குக்கு எடுத்துவிடுங்கள். பதிந்து 60 நாள் ஆகாத டொட் கொம்மை வேறு பதிவாளருக்கு மாற்ற விடமாட்டார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் டொமைனை உங்கள் பெயரில், உங்கள் அட்டையால், நீங்களே வாங்குங்கள். அந்தக் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டாம். டொமைன் நின்றால் மின்னஞ்சலும் நிற்கும், கடவுச்சொல்லை மீட்க வழி இருக்காது. வேர்ட்பிரஸிலும் பக்கங்களை மட்டும் கையாள விடும் எடிட்டர் உரிமை தந்துவிட்டு ஒதுங்குவார்கள். முழு நிர்வாகத்துக்கான அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தமிழில் தளம் வேண்டும் என்றால் "எழுத்து உடையும், ஆங்கிலத்தில் செய்வோம்" என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், நல்லூர்

பதில்: இல்லை. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோட்டில் இருந்தால் இன்றைய எந்தப் போனிலும் தமிழ் உடையாது. பிரச்சினை எங்கிருந்து வருகிறதென்றால், யாழ்ப்பாணத்து அச்சகங்களில் பழகிப்போன பாமினி எழுத்துருவிலிருந்து. துண்டுப்பிரசுரத்துக்குத் தட்டச்சு செய்ததை அப்படியே தளத்தில் ஒட்டினால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கள். கூகிளில் "ஒடியல் மா" என்று தேடுகிறவருக்கு உங்கள் பக்கம் அகப்படாது. சோதிப்பது இலகு: தளத்தில் ஒரு வரியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக விழுந்தால் யூனிகோட், ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து விழுந்தால் பாமினி. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பின் ஔ, ஸ்ரீ, கொம்பு வரும் எழுத்துக்களை ஒருவர் கண்ணால் வாசித்துத் திருத்த வேண்டும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் "கொள்வனவு செய்க" அடங்காமல் இரண்டு வரியாகும். வரி இடைவெளி எழுத்தளவின் 1.6 மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் 'கு'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டும். வடிவமைப்பாளர் மாதிரியைக் காட்டும்போதே உண்மையான தமிழ் வாசகங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கனடா, லண்டனில் இருப்பவர்கள் அட்டையால் காசு கட்ட வேண்டும். "பேபால் இணைத்துத் தருகிறோம்" என்கிறது ஒரு நிறுவனம். சரிவருமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: இலங்கைக் கணக்கில் பேபால் மூலம் காசு பெற முடியாது, அதுபோன்ற கட்டணச் சேவையான ஸ்ட்ரைப்பும் இங்கே இல்லை. இதை அறியாதவர்கள் இங்கிருந்து விற்பனைத் தளம் ஒன்றைக்கூட முடித்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற, அட்டைக் காசை வாங்கித் தரும் உள்ளூர்ச் சேவை, அல்லது உங்கள் வங்கியின் இணையக் கட்டண வசதி. வியாபாரப் பதிவும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். பதிவு இல்லையென்றால் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். தளத்தில் விலாசம், நிபந்தனைகள், காசு திருப்பிக் கொடுக்கும் முறை, தனியுரிமைப் பக்கம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வாடிக்கையாளரின் விலாசமும் எண்ணும் சேரும் இடம் என்பதால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைத்துத் தனியுரிமைப் பக்கத்தை எழுத வேண்டும். அனுமதிக்கு நாள் எடுக்கும், ஆகவே வடிவமைப்புத் தொடங்கும் அன்றே விண்ணப்பியுங்கள்.

அனுப்பும் செலவை நிறைப்படி கணக்கிட வைக்கும்போது, 500 கிராம் தூளுக்கு 500 என்று போடாமல் பெட்டியோடு நிறுத்த நிறையைப் போடுங்கள். திறப்பதற்கு முன் வெளிநாட்டு உறவினர் ஒருவரின் அட்டையால் உண்மையாகவே ஒரு சிறிய ஓடர் போட்டு, காசு வந்ததா, இரு பக்கமும் மின்னஞ்சல் போனதா, ரத்துச் செய்தால் காசு திரும்பிப் போகிறதா என்று பார்த்துவிட்டுத் தளத்தைத் திறவுங்கள். கடைசித் தவணை அதற்குப் பிறகுதான்.