விலை குறைந்த பைக் அலாரம் திருட்டைத் தடுக்குமா?

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் அலாரத்தை நம்பி, மயிலாடுதுறை ரயில் நிலையத்தில் வண்டியை இரவு முழுவதும் விட்டுச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்பி விட வேண்டாம் என்பதே என் பதில்.

கடைக்காரர் சைரனின் சத்தத்தைத்தான் போட்டுக் காட்டுவார். நீங்கள் ரிமோட்டைப் பற்றிக் கேளுங்கள். மலிவான ரிமோட்டுகள் பலவற்றில் ஈவி1527 போன்ற சிப்தான் இருக்கிறது. அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களுக்கு இடமுண்டு என்றாலும், உங்கள் ரிமோட்டுக்கு அமைந்த எண் என்றைக்கும் மாறாது என்பதால், பக்கத்தில் நின்று ரிமோட் அனுப்பும் ரேடியோ அலையை ஒருமுறை பதிவு செய்துகொண்டவர் பிறகு அதையே அனுப்பி அலாரத்தை அணைத்துவிடலாம். அழுத்தும்போதெல்லாம் எண் மாறும் 'ரோலிங் கோடு' ரிமோட்டில் இது அவ்வளவு எளிதில் நடக்காது. சைரனுக்குள் தனி பேட்டரி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இல்லையென்றால் வண்டியின் பேட்டரி ஒயரைப் பிடுங்கியதுமே அது அடங்கிவிடும்.

நம் டெல்டாவில் திருடனுக்கு முன்பே மழை இவற்றைக் கெடுத்துவிடுகிறது. ஐப்பசி அடைமழைக்குப் பிறகு திருவாரூரில் ஒரு மெக்கானிக் கழற்றிய அலாரப் பெட்டியைப் பார்த்தேன்: மூடியின் விளிம்பில் ரப்பர் இல்லை, இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது, ஒயர்களை முறுக்கிச் சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் பிசின் இளகி நழுவியிருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைக்காத இணைப்பும், பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் போடாத ஒயரும் வண்டியையே எரித்துவிடக்கூடும். திருட்டுப் பயத்தைவிட எனக்கு இந்தக் கவலைதான் பெரிது.

அதிர்வு சென்சாரின் தரமும் முக்கியம். கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்ற வரும் லாரிக்கும், இடிக்கும் அலறும் அலாரத்தைத் தெருவில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். 'புலி வருது' கதையாகிவிடும்.

அலாரம் சும்மா இருக்கும்போது 5 மில்லி ஆம்பியர் எடுத்தால்கூட, 2.5 ஆம்பியர் மணி பேட்டரி 500 மணி நேரத்தில், அதாவது மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடும். செல்ஃப் அதற்கு வெகுமுன்பே எடுக்காது. ஊருக்குப் போய்ப் பல நாள் தங்குபவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

ஓடும் வண்டியின் இன்ஜினை ரிமோட்டால் நிறுத்தும் இணைப்பைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அதில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான மலிவான ரிலே ஒன்று பழுதாகி, தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் லாரிக்கு முன்னால் வண்டி நின்றால், உயிருக்கே ஆபத்து.

அதே பணத்தில் முதலில், டிஸ்க் பிரேக் தட்டில் மாட்டிப் பூட்டும் நல்ல டிஸ்க் லாக் வாங்குங்கள். டிரம் பிரேக் வண்டியானால், சக்கரத்தையும் அசையாத தூண் ஒன்றையும் சேர்த்துப் பூட்டும் தடித்த சங்கிலி வாங்குங்கள். அதற்குப் பிறகும் அலாரம் வேண்டுமென்றால், வண்டியின் வாரண்டி பாதிக்கப்படுமா என்று ஷோரூமில் கேட்டுவிட்டு, ஒயரை வெட்டாமல் சாக்கெட் வழியாகவே பொருத்தச் சொல்லுங்கள்.