கசிவா, நிரம்பி வழிதலா?

கேள்வி: எனக்கு 68 வயது; தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நான்கு மாதங்களுக்கு முன் சிறுநீர் போகும் வழியாகக் கருவி விட்டுப் புரோஸ்டேட் சத்திரசிகிச்சை செய்தார்கள். முதலில் நன்றாகப் போன சிறுநீர், வேலிக்கு அப்பால் விழுந்தது, இப்போது செருப்பிலேயே விழுகிறது, பகலெல்லாம் சொட்டுகிறது. இரவில் உரப் பையை விரித்துப் படுக்கிறேன். தண்ணீரைக் குறைத்து, அயலவர் தந்த டொல்டரோடின் குளிசையைக் குடிக்கிறேன். நரம்பை வெட்டிவிட்டார்களா? புற்றுநோயா?
– ஹட்டன் வாசகர்

பதில்: ஐயா, சிறுநீரை அடக்கும் தசை வெட்டுப்பட்டிருந்தால், சத்திரசிகிச்சைக்குப் பின் போட்ட குழாயைக் கழற்றிய நாளிலிருந்தே, இருமும்போதும் சுமை தூக்கும்போதும் ஒழுகியிருக்கும், தாரை மட்டும் பலமாகவே இருக்கும். உங்கள் கதை அதற்கு நேர்மாறானது. அந்தச் செருப்பும் உரப் பையும்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன.

நன்றாகப் போன சிறுநீர் மெல்ல மெலிந்து, பிறகு நித்திரையில் அறியாமலே படுக்கையை நனைக்கிறதென்றால், வெட்டிய இடம் ஆறும்போது தழும்பு சுருங்கிச் சிறுநீர்ப்பையின் கழுத்தையோ சிறுநீர் வழியையோ ஒடுக்கியிருக்கலாம். பை காலியாகாமல் நிரம்பி வழிவதையே நீங்கள் கசிவு என்கிறீர்கள். பலருக்கு வராத சிக்கல்தான், ஆனால் வலியில்லாமலே சிறுநீரகங்களைக் கெடுத்துவிடும் என்பதால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. டயக்னோசிஸ் அட்டையோடு இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய், சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கானில் பார்க்கச் சொல்லுங்கள். 50 மில்லிலீற்றருக்குள் இருந்தால் என் ஊகம் பிழை. 300ஐத் தாண்டினால் அன்றே குழாய் போட்டு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினினையும் இரத்தத்தில் பார்ப்பார்கள். ஒடுக்கம் உறுதியானால், கமரா விட்டு அதைத் திறந்துவிட முடியும்.

அயலவரின் குளிசையை இன்றே நிறுத்துங்கள். பையின் இறுக்கத்தால் அவசரமாக ஒழுகும் அவருக்கு அது மருந்து. வழி ஒடுங்கிய உங்களுக்கோ முழு அடைப்பையே கொண்டுவரக்கூடியது. தடிமனுக்கென்று கடையில் வாங்கும், நித்திரை வரவைக்கும் குளிசைகளும் அப்படியே. தண்ணீரைக் குறைப்பதால் எரிச்சல்தான் கூடும். புற்றுநோயைப் பற்றி, வெட்டியெடுத்த துண்டுகளின் பரிசோதனை அறிக்கை சொல்லும். கைபேசியில் தேடாமல் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடிவயிறு கல்லாகி ஒரு சொட்டும் வராவிட்டாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அந்த வண்டி லயம்வரை ஏற முடியாவிட்டால், தோட்டத்து லொறியிலாவது இறங்கிவிடுங்கள்.