பாறைக் குளத்தில் இறங்கும் முன்: குழுவாகப் போகிறவர்களின் கேள்விகள்

சிட்னிக்குத் தெற்கே, ராயல் தேசியப் பூங்காவில், பர்னிங் பாம்ஸ் கடற்கரையைத் தாண்டிப் போனால் ஒரு பாறைத் தளம். அதில் எட்டு என்ற எண்ணைப் போலவே இயற்கை குடைந்து வைத்த ஒரு குளம். 'ஃபிகர் எய்ட் பூல்ஸ்' என்று பெயர். கோடை விடுமுறைக்கு அங்கே கூட்டமாகப் போகத் திட்டமிடும் நம்மவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் கடற்கரை உயிர்காப்புத் தன்னார்வலர். பன்னிரண்டு ஆண்டுகளாக நடைக்குழுக்களை அந்தப் பாதையில் அழைத்துச் செல்கிறேன்.

கேள்வி (வென்ட்வொர்த்வில்லிலிருந்து ஒருவர்): அக்கா, மூன்று குடும்பங்கள், மொத்தம் பதினான்கு பேர். சனிக்கிழமை பகல் 1:10க்குக் கடல் வற்றம் (கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் நேரம்) என்று பார்த்துவிட்டேன். இது போதும்தானே?

போதாது தம்பி. எல்லோரும் செய்யும் தவறே இதுதான். வற்ற நேரம் கடல்மட்டம் எங்கே நிற்கும் என்பதை மட்டும்தான் சொல்லும். அலை எவ்வளவு உயரம் வரும் என்பதைச் சொல்லாது. அந்தப் பாறைத் தளத்தின் விளிம்பிலேயே ஆழமான நீர் இருக்கிறது. மணல் கரையில் அலை தூரத்திலேயே உடைந்து வலுவிழந்து வரும். இங்கே அப்படி இல்லை. முழு வலுவோடு விளிம்பில் மோதி, தட்டையான பாறையின் மேல் படுக்கையாக ஓடி வரும். முழங்கால் உயரத் தண்ணீர்தான், ஆனாலும் வளர்ந்த ஆணையே வாரிச் சென்றுவிடும். சிப்பி ஒட்டிய பாறையில் உடம்பு தேய்ந்துகொண்டே போகும். குளத்துக்குள் இருப்பவரைச் சுவரில் அடிக்கும். 2016 ஜனவரியில் அங்கே நின்றிருந்த கூட்டத்தை அலைகள் வாரியடித்துப் பலர் காயமடைந்தார்கள். இந்த இடத்தின் புகைப்படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள்தான் பெரும்பாலும். நீங்களும் நானும் அப்படித்தானே கேள்விப்பட்டோம்?

கேள்வி (அதே அன்பர்): அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், தேசியப் பூங்காத் துறை இந்த இடத்துக்கென்றே வெளியிடும் அலை அபாய முன்னறிவிப்பு. அதில் அபாயம் குறைவு என்று இருந்தால் மட்டும், அதுவும் வற்ற நேரத்தை ஒட்டி மட்டும், போங்கள். 'மிதமானது' என்பதை 'பரவாயில்லை' என்று படிக்கக் கூடாது.

இரண்டாவது, அலை முன்னறிவிப்பு. 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 1.5 மீட்டர் என்று பொருளில்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. அதைப் போல இரு மடங்கு அலை இடையிடையே வரும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் அது தொலைதூரப் புயலிலிருந்து வருகிற கனத்த அலை. பார்வைக்குக் கடல் அமைதியாகவே இருக்கும். பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது, பிறகு வரிசையாக மூன்று நான்கு வரும். அதனால் பாறையில் கால் வைக்கும் முன் உயரமான இடத்தில் நின்று இருபது நிமிடமாவது கடலைப் பார்க்கச் சொல்கிறேன். பாறை எங்கெல்லாம் நனைந்திருக்கிறதோ, அதுவரை அன்று அலை வந்திருக்கிறது என்று பொருள்.

நேரத்தைப் பொறுத்தவரை, வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு சேருங்கள், வற்றம் கழிந்து அரை மணிக்குள் பாறையை விட்டு வந்துவிடுங்கள். வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆனால் தண்ணீர் ஒரே சீராக ஏறாது. முதல் ஒரு மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் பாதி ஏறிவிடும். முதல் மணியைப் பார்த்து 'இன்னும் நேரமிருக்கிறது' என்று உட்கார்ந்திருப்பவர்கள் அதில்தான் ஏமாறுகிறார்கள். இன்னொன்று: சில அச்சு அட்டவணைகள் கோடைக்காலக் கூடுதல் மணியை (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதை) கணக்கில் எடுக்காமல் வரும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அதைச் சரிபார்க்காவிட்டால் முழுசாக ஒரு மணி தவறிவிடும்.

கேள்வி (பெண்டில் ஹில்லில் பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்றை நடத்துபவர்): இருபது பேருக்கு எத்தனை பேர் கண்காணிக்க வேண்டும்?

இருபது பேரை ஒரே நேரத்தில் இறக்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். என் வழக்கம் இது: நீரில் நான்கு பேருக்கு ஒருவர் கரையில். அவர் நனையாமல், நின்றுகொண்டு, கைபேசி இல்லாமல், அந்த நான்கு பேரை மட்டும் பார்ப்பார். இவர்களைத் தவிர இன்னொருவர், குளத்துக்கு முதுகைக் காட்டிக் கடலை மட்டுமே பார்ப்பார். அவர் விசில் அடித்தால் கேள்வி கேட்காமல் எல்லோரும் ஏறிவிட வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவோம். மாற்றும்போது 'இனி நீங்கள் பார்க்கிறீர்கள்' என்று வாய்விட்டுச் சொல்லி, 'நான் பார்க்கிறேன்' என்று பதில் வாங்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குழு பெரிதாக ஆக, அவரவர் 'வேறு யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று நினைப்பார்கள். இருபது பேர் இருந்தும் பார்ப்பவர் ஒருவரும் இல்லை என்ற நிலை சுலபமாக வந்துவிடும். மூழ்குகிறவர் படத்தில் காட்டுவதுபோலக் கையை ஆட்டிக் கத்துவதும் இல்லை. வாய் நீர்மட்டத்துக்குக் கீழும் மேலும் போய்வரும், சத்தமே வராது. பக்கத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாமலே முடிந்துவிடும்.

என் அனுபவம் ஒன்று. ஆரம்ப காலத்தில், குழுவைப் படம் எடுக்கக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வந்த அலை என்னைத் தூக்கி மூன்று மீட்டர் தள்ளிப் போட்டது. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சிப்பி கிழித்த தழும்பு இன்றும் இருக்கிறது. நான் தலைவி என்பதால் என்னை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அன்றிலிருந்து கடலைப் பார்ப்பவர் என்ற பொறுப்பைத் தனியாக வைத்தேன்.

கேள்வி (ஹோம்புஷிலிருந்து ஒரு தாய்): என் மகளுக்கு ஆறு வயது. வகுப்பில் 25 மீட்டர் நீந்துகிறாள். அழைத்து வரலாமா அக்கா?

இந்த இடத்துக்கு வேண்டாம் அம்மா. வகுப்புக் குளத்தில் தரை தெரியும், தண்ணீர் அசையாது, பிடிக்க விளிம்பு உண்டு. இங்கே வழுக்குப்பாசியும் இழுப்பும் குளிரும் உண்டு. வேறு கடற்குளத்துக்குப் போகும்போதும் அவளைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். 'அண்ணன் பார்த்துக்கொள்வான்' என்று பத்து வயதுப் பையனிடம் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நண்பனை அலை இழுத்துச் சென்றால் நல்ல நீச்சல்காரன் ஒருவன் குதிக்கலாமா?

கூடாது. எவ்வளவு வேதனையாக இருந்தாலும் கூடாது. காப்பாற்றப் போனவரும் மூழ்கிய குடும்பங்கள் இந்த நாட்டில் ஏராளம். மிதக்கக்கூடிய எதையும் எறியுங்கள்: ஐஸ் பெட்டி மூடி, பந்து, மூடிய காலி புட்டி. ஒருவர் கண்ணெடுக்காமல் கையை நீட்டி அவரைச் சுட்டிக்கொண்டே இருக்கட்டும், கண்ணெடுத்தால் அலையில் தலை தொலைந்துவிடும். விழுந்தவரைப் பாறை நோக்கி வரச் சொல்லாதீர்கள். வெளியே, அலை உடையாத பக்கம் மிதக்கச் சொல்லுங்கள். மற்றொருவர் அவசர உதவி எண்ணான 000 அழைக்க வேண்டும். அங்கே கைபேசி அலைவரிசை நம்பத்தக்கதல்ல. புறப்படும் முன்பே 'எமர்ஜென்சி பிளஸ்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், நீங்கள் நிற்கும் இடத்தை அது காட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: நீல வளைய ஆக்டோபஸ் உண்மையில் அங்கே இருக்கிறதா?

சிட்னிப் பாறைக் குளங்களில் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவு. கடித்தது வலிக்காமலே போகலாம். அதன் நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. கடித்த கையையோ காலையோ அழுத்தக் கட்டுப் போட்டு அசையாமல் வைத்து 000 அழையுங்கள். மூச்சு நின்றால் உதவி வரும்வரை வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு நினைவு இருக்கக்கூடும், கண்ணைக்கூடத் திறக்க முடியாது, அவ்வளவே. அதனால் பக்கத்தில் பயமுறுத்தும் பேச்சுப் பேசாதீர்கள். அது உள்ளே ஒளிந்திருக்கலாம் என்பதால் சங்கையும் சிப்பியையும் பிள்ளைகள் கையில் எடுக்கக் கூடாது. புளூபாட்டில் என்ற நீல நிறக் கடலுயிர் கொட்டினால் கடல்நீரில் கழுவி, தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் இருபது நிமிடம்.

கேள்வி (டூங்காபியிலிருந்து ஒருவர்): கராவாரா ஃபார்ம் நிறுத்துமிடத்திலிருந்து செங்குத்தாக இறங்கி அவ்வளவு தூரம் நடந்து போய், அலை அதிகம் என்று திரும்பச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. என்ன செய்வது?

கீழே போய் முடிவெடுத்தால் கேட்கமாட்டார்கள்தான். நான் வண்டி நிறுத்துமிடத்திலேயே எல்லோர் முன்னும் சொல்லிவிடுவேன்: 'கடலைப் பார்க்கிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்கக் கூடாது.' சம்மதிக்காதவர் இறங்க வேண்டாம். கூடவே மாற்று இடத்தையும் முன்பே சொல்லிவிடுவேன், அதனால் திரும்புவது தோல்வியாகத் தெரியாது. குரோனுல்லாவில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே கடற்குளங்கள் இருக்கின்றன. கூஜியில் 1907இல் அமைத்த வைலீஸ் பாத்ஸ் இருக்கிறது. பெரிய அலை அடிக்கும் நாளில் இவற்றின் சுவரையும் கடல் தாண்டும், அன்று அங்கேயும் இறங்கக் கூடாது. போன கோடையில் இரண்டு முறை நிறுத்துமிடத்திலிருந்தே குரோனுல்லாவுக்குத் திரும்பினோம். சாப்பாட்டுப் பையைப் பிரித்ததும் முணுமுணுப்பு நின்றுவிட்டது.