மூளையில் உள்ள 'சைனஸ்' என்றால் என்ன?

மூளைக்கு மூன்று உறைகள். வெளியே தடித்த டியூரா, நடுவில் சிலந்தி வலை போன்ற அரக்னாய்டு, உள்ளே பயா. இது வால்நட் பருப்பில் ஒட்டிய தோல் மாதிரி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கும். இதில் டியூரா மட்டும் இரண்டு அடுக்கு, அவை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் சில இடங்களில் பிரிந்து நடுவே ஒரு சுரங்கம் விடுகின்றன. அதுதான் சைனஸ். பாவாடையில் நாடா கோக்கத் துணியை மடித்துத் தைத்திருப்பார்களே, அதே அமைப்பு, நாடாவுக்குப் பதில் மூளையிலிருந்து திரும்பும் ரத்தம் ஓடுகிறது.

ஏன் இப்படி? சாதாரண சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) மெலிது, அழுத்தினால் சப்பிவிடும். சைனஸின் சுவர் விறைப்பான டியூரா என்பதால் எளிதில் மூடாது. வால்வும் கிடையாது. சைனஸ்களில் பெரியது உச்சந்தலைக்கு நேர் கீழே நெற்றிப் பக்கமிருந்து பின்மண்டை வரை போகும், அப்புறம் ரத்தம் பக்கவாட்டில் திரும்பி, காதுக்குப் பின்னால் வளைந்து, கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்கு இறங்கும்.

மூளையிலிருந்து இந்தச் சுரங்கத்துக்கு வரும் சின்னச் சிரைகள்தான் பலவீனமான இடம். முதுமையில் மூளை சுருங்கும்போது அவை இழுபட்டு நிற்கும், லேசாகத் தலையில் இடித்தாலே கிழியலாம், கசிவு வாரக்கணக்கில் தெரியாமலும் இருக்கும். தாத்தா பாட்டி விழுந்தபின் தலைவலி, குழப்பம், தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

சளி பிடித்தால் "எனக்கு சைனஸ்" என்கிறோமே, அது மூக்கைச் சுற்றிய எலும்புக்குள் இருக்கும் காற்றறை. பெயர்தான் ஒன்று, இது வேறு.