கண்டாங்கியில் குயில்ட்: பின்னணித் துணியை முதலில் வாங்குங்கள்

சகோதரி, அப்பத்தாவின் அரக்கு, மஞ்சள், கறுப்புக் கண்டாங்கிச் சேலைகளை வெட்டி, மாதம் ஒரு சதுரக் கட்டமாக 12 கட்டத்தை இணைத்து குயில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) தைக்க நினைக்கிறேன், மூன்றும் சேர்ந்தால் கண்ணைக் கூசுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறத்தில் குறையில்லை, கண்ணுக்கு இளைப்பாற இடமில்லை, அவ்வளவுதான். வெளுக்காத காடாத் துணியைப் பின்னணியாக வையுங்கள். 12 கட்டத்துக்கும் சேர்த்து ஒரே தானில் (துணிச் சுருளில்) இப்போதே வாங்கிவிடுங்கள். நான் பாதியில் மறுபடி வாங்கப் போய், என் குயில்ட்டில் ஏழாவது கட்டம் மட்டும் இன்றும் பழுப்பாகத் தெரிகிறது; பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தும். கறுப்பு மெல்லிய பட்டையாக மட்டும் வரட்டும்.

அரக்கு நிறச் சேலையை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டாமல் போகும்வரை தனியாக அலசுங்கள். பழைய சேலை மடிப்பில் இற்றிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இழை விட்ட இடம் வலை மாதிரி தெரியும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

கண்டாங்கி தடித்த நூல் நெசவு, வெட்டினால் ஓரம் பிரியும். மெல்லிய அரிசிக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தபின் வெட்டுங்கள். வழக்கமான கால் அங்குலத் தையல் விளிம்பு இதற்குப் போதாது, அரை அங்குலம் விடுங்கள். கரையை மட்டும் துண்டு போடாதீர்கள். அது முழு நீளமாகக் குயில்ட்டின் சுற்றுப்பட்டைக்கு வேண்டும்.